சேலத்து வீட்டுச் சுவருக்குள் ஐந்தடிப் பவளத் தொட்டி: பின்னறையிலிருந்து தொடங்குங்கள்

சுவருக்குள் உயிருள்ள பவளமும் கடல் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி என்றதும் ஹாலில் எந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது சுவருக்கு அந்தப் பக்கத்தை. மோட்டார், பைப், சூடு, ஈரம் எல்லாம் அங்கேதான் இருக்கப்போகிறது. ஆள் நின்று வேலை பார்க்க 3 அடி அகலம், தண்ணீர்க் குழாய், வடிகால், எக்ஸாஸ்ட் ஃபேன், தொட்டிக்கு மேல் கை நுழைய ஒன்றரை அடி இடம் வேண்டும். இவை அமையாத சுவரை விட்டுவிடுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டிக்கு.

படி 1: எடையும் சுவரும்

இந்த அளவுக்கு விளிம்புவரை 566 லிட்டர் பிடிக்கும். 12 மி.மீ. கண்ணாடி மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். கல், மணல், மோட்டாரும் வடிகட்டியும் இருக்கும் கீழ்த் தொட்டி எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு டன். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைப்பார்கள். தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இறங்கும். அதனால் தரைத்தளமே நல்லது. மாடியில்தான் வேண்டும் என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் சுவரில் கை வைக்காதீர்கள்.

திறப்புக்கு மேல் லிண்டல் கட்டாயம். இரண்டு பக்கமும் 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். லிண்டல் இறுகிய பிறகுதான் கொத்தனார் கீழே உடைக்கலாம். தொட்டியின் எடை சுவரில் விழக்கூடாது. பின்னறையில் செங்கல் தூண் எழுப்பி, கம்பி கட்டிய 4 அங்குலக் கான்கிரீட் பலகை போட்டு, அதில் தொட்டியை வையுங்கள். இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடிக்கும். எஃகு ஆலை உள்ள ஊர் என்று எவர்சில்வர் பைப்பில் செய்தாலும், உப்புத்துளி தங்கிய இடத்தில் புள்ளி விழத்தான் செய்யும். ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் சரிபாருங்கள். கண்ணாடிக்கு அடியில் 10 மி.மீ. கெட்டித் தெர்மாகோல் விரியுங்கள். சுவருக்கும் கண்ணாடிக்கும் அரை அங்குல இடைவெளி விட்டு, கழற்றக்கூடிய பி.வி.சி. சட்டத்தால் மறையுங்கள். ஜிப்சம் பலகை இங்கே ஊறிப்போகும்.

படி 2: கண்ணாடியும் குழாயும்

பைப்புக்கான ஓட்டைகளைக் கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியில் ஓட்டை போட்டால் அப்படியே நொறுங்கும். சாதாரணக் கண்ணாடிதான் வேண்டும். சிலிகான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்கட்டும். ஒரு வாரம் காயவிட்டு, சாதாரணத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள்.

மேல் தொட்டியிலிருந்து கீழ்த் தொட்டிக்குத் தண்ணீர் வடிய மூன்று பைப், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம்: முழுதாக நிரம்பி ஓடுவது ஒன்று, மிச்சத்தை வாங்குவது ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. முதல் பைப்பில் கேட் வால்வு வைத்தால் சத்தம் அடங்கும். இதில் ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கரண்ட் போனதும், தண்ணீரை மேலே ஏற்றும் பைப் வழியாகவே தண்ணீர் கீழே இறங்கும். இந்தத் தொட்டியில் மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 23 லிட்டர். பைப்பின் வாய் 3 அங்குலம் மூழ்கியிருந்தால் 70 லிட்டர் கீழ்த் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து தரைக்கு வரும். எனவே அந்தப் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போடுங்கள். காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். துளையை மட்டும் நம்பாமல் கீழ்த் தொட்டியிலும் காலியிடம் விட்டு, மோட்டாரை நிறுத்திப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மின்சாரம்

தனி லைன், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை தொங்கி ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. சைன் வேவ் இன்வெர்ட்டரில், தொட்டிக்குள் தண்ணீரைக் கலக்கும் அலை மோட்டாரையாவது இணையுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் மீனுக்கு மூச்சுத் திணறும்.

படி 4: தண்ணீர்

சேலத்துப் போர்வெல் தண்ணீர் கடினம், மேட்டூர் தண்ணீரில் குளோரின். இரண்டும் நேரடியாக ஆகாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சும். அதற்குப் பின் மிஞ்சிய உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வைத்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும்வரை சுத்திகரியுங்கள். முன்னால் கார்பன் ஃபில்டர் இல்லாவிட்டால் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும். கழிவு நீரை வாசல் தெளிக்கவும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளலாம்.

கீழ்த் தொட்டியோடு மொத்தம் 600 லிட்டர் என்றால், லிட்டருக்கு 38 கிராம் வீதம் சுமார் 23 கிலோ மீன்தொட்டிக் கடலுப்பு பிடிக்கும். சமையல் உப்பு ஆகாது. அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் ஓடவிட்டு உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தால் ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும்.

படி 5: வெயில்

சித்திரை வெயிலில் அறை 35 டிகிரிக்கு மேல் போகும். பவளத்துக்கு 25, 26 போதும். சேலத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் இதை ஆரம்பிக்காதீர்கள். இந்த அளவுக்கு அரை எச்.பி. அதை மூடிய பின்னறைக்குள் வைத்தால் அது கக்கும் சூட்டையே திரும்ப இழுக்கும். வெளியே நிழலில் வையுங்கள். ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், தண்ணீரும் ஆவியாகும். ஆவியானதற்குப் பதில் உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஏற்காட்டில் கதை தலைகீழ். மார்கழி இரவுக்கு 300 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும்.

படி 6: கல், மணல், காத்திருப்பு

கல்லைக் கண்ணாடி மேல் வைத்த பிறகே மணல். மணலின் மேல் கல்லை வைத்தால், மீன் குடைந்ததும் சரியும். ஆற்று மணலும் எம்-சாண்டும் வேண்டாம். கால்சியம் கார்பனேட்டாலான அரகோனைட் மணல் 35 முதல் 40 கிலோ போடுங்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கத்திலிருந்து யாராவது பவளக்கல் கொண்டுவந்து தந்தால், செத்ததாக இருந்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் அது குற்றம். செயற்கைக் கல்லே போதும்.

மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும். அதற்கு அம்மோனியாவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்குச் சேர்த்து, தினமும் சோதியுங்கள். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக 4 முதல் 6 வாரம் ஆகும். சேர்த்த அம்மோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் பாக்டீரியா தயார். இடையில் வரும் பழுப்புப் பாசிக்கு மருந்து போடாதீர்கள், தானே போகும்.

முதலில் இரண்டு கோமாளி மீன். மாதம் கழிந்து, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 420 பி.பி.எம். அருகே நிலையாக நின்றால், ஆவணங்களோடு விற்கப்படும் சோவாந்தஸ், காளான் பவளம் போன்ற மென்மையான பவள வகைகளைச் சேர்க்கலாம். விளக்கை 30 சதவீதத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.