இருளர் ஊர்களில் பல் அச்சு எடுக்கப் போகிறவர்களுக்கு

பல் மானுடவியல் (பல்லின் வடிவத்தையும் தேய்மானத்தையும் வைத்து மக்களைப் படிக்கும் துறை) களப்பணிக்குக் கிளம்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், எந்த ஆல்ஜினேட் வாங்கலாம்?" என்றுதான். ஆல்ஜினேட் என்பது தண்ணீரில் கலந்து வாயில் வைத்துப் பல் அச்சு எடுக்கும் மாவு. அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அச்சுகளை எல்லாம் அளந்து முடித்த பிறகு அதே ஊருக்கு எப்போது, எந்தக் காசில் திரும்பிப் போவீர்கள்? ஆய்வுத் திட்டத்தில் அந்தத் திரும்பும் பயணத்துக்கு ஒரு வரியும் ஒரு தொகையும் இல்லையென்றால் வேலையைத் தொடங்க வேண்டாம்.

நான் பல் மருத்துவர். கோவையின் மேற்கு மலையடிவாரத்திலும் நீலகிரிச் சரிவிலும் உள்ள இருளர் ஊர்களில் பல் அச்சு எடுத்து வருகிறேன். இந்தப் பகுதி மக்கள் அளக்கப்படுவது புதிதில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலிப்பர் என்ற அளவுக்கருவியோடு வந்து இந்த மலைகளில் தலையையும் மூக்கையும் அளந்துவிட்டுப் போனார். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இரத்தப் பண்பு (சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் மரபுப் பண்பு) இருப்பதை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இரத்தம் எடுக்க யார் யாரோ வந்தார்கள். ரிசல்ட் என்ன ஆனது என்று தெரியாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் பையை இறக்கி வைத்ததும் "இரத்தம் எடுக்கவா வந்தீங்க?" என்று கேட்டால், அந்தக் கேள்வியில் இவ்வளவும் இருக்கிறது.

திரும்பிப் போவது நல்ல மனசுக்காக மட்டும் இல்லை, ஆய்வுக்கும் அதுதான் உயிர். ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே யுவென்டுமு என்ற ஊர். அங்குள்ள வால்பிரி மக்களிடம் 1951-ல் அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் போனார்கள். மர்ரே பாரெட், டாஸ்மன் பிரௌன் முதலியவர்கள் இருபது வருடம் திரும்பத் திரும்பப் போய், அதே பிள்ளைகளின் பல் அச்சை வளர வளர எடுத்தார்கள். 446 பேரிடமிருந்து 1,717 அச்சுகள். தாடை எப்படி விரிகிறது, பல் எப்படித் தேய்கிறது என்பதற்கு உலகம் முழுக்க இன்னும் அந்த அச்சுகளைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரே தடவை போய் வந்திருந்தால் அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

அடுத்தது, யாரிடம் போகிறீர்கள் என்பதில் தெளிவு. இருளர் என்ற பெயர் இரண்டு வட்டாரங்களில் வழங்குகிறது. நீலகிரி, கோவை, அட்டப்பாடிப் பக்கத்து இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்து இருளர்கள் பேசுவது தமிழ். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் ஒரே அட்டவணையில் கொட்டிச் சராசரி எடுத்த கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். பல்லின் வடிவத்தைப் பெரும்பாலும் மரபுதான் தீர்மானிக்கிறது. அதனால் ஊர், தாய் தந்தையின் ஊர், குலம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குலத்துக்குள் கல்யாணம் செய்வதில்லை என்பதால், குலத்தைக் கேட்டால் யார் யாருக்குப் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பது விளங்கிவிடும். அண்ணன் தம்பி நாலு பேரின் அச்சைத் தனித்தனி ஆளாக எண்ணிவிட்டால் கணக்கே தப்பு.

அனுமதிகள்: கல்லூரியின் நெறிமுறைக் குழு, பழங்குடியினர் நலத்துறை, ஊர் காட்டுக்குள் இருந்தால் வனத்துறை. இதெல்லாம் காகிதம், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அப்புறம்தான் ஊர்த் தலைவரான மூப்பன். வண்டாரி, குறுதலை என்று மற்ற பொறுப்புக்காரர்களும் உட்காரும் நேரம் பார்த்துப் போய்ப் பேசுங்கள். மூப்பன் சரி என்று சொன்னால் ஊருக்குள் வரலாம் என்று அர்த்தம். ஒவ்வொருவர் வாயையும் திறக்க ஒவ்வொருவரின் சம்மதமும் தனியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது உங்கள் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பமும் வேண்டும். அம்மா சரி என்று சொல்லியும் பையன் உதட்டை இறுக்கிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

சம்மதம் கேட்கும்போது காகிதத்தை வாசிக்காதீர்கள். உங்கள் சொந்தப் பல்லின் அச்சு ஒன்றைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசி இருக்குதா கண்ணு?" என்றார். "இல்லைங்க பாட்டி, மாவு மாதிரி ஒன்னு வாயில வச்சு எடுப்பேன், வலிக்காது" என்றேன். "எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவே?" என்பது அடுத்த கேள்வி. அதற்குத் தெளிவான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்: எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுப்பீர்களா, அவர் இறந்த பிறகு அந்த அச்சை என்ன செய்வது. கடைசிக் கேள்வியை நான் இப்போது படிவத்திலேயே சேர்த்திருக்கிறேன். குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள் என்பவர்களும் உண்டு, படிக்கிற பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பவர்களும் உண்டு. அவர்கள் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள்.

பல் டாக்டர் வந்திருக்கிறார் என்றால் வலிக்கிற பல்லோடுதான் வருவார்கள். அதனால் சிகிச்சை முகாமை வேறு நாளில், முதலிலேயே, எல்லோருக்கும் நடத்திவிடுங்கள். அச்சு கொடுத்தால்தான் பல் பிடுங்குவார்கள் என்ற எண்ணம் ஒருவருக்குக்கூட வரக் கூடாது. அச்சு எடுக்கும் நாளில், இது வைத்தியம் இல்லை என்பதை மறுபடியும் சொல்லுங்கள்.

நேரம்: பகலில் நூறு நாள் வேலை, தோட்டக் கூலி, காட்டுச் சேகரம் என்று ஆள் இருக்க மாட்டார்கள். அவர்களின் கூலியைக் கெடுக்காதீர்கள். விடிந்ததும் தொடங்கி அவர்கள் வேலைக்குப் போகும்வரை, அல்லது வேலையில்லாத நாள். சாயங்காலம் வசதிதான், ஆனால் ஆனைகட்டிப் பக்கம் இருட்டுவதற்குள் நீங்கள் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். யானை வரும் வழியை ஊர்க்காரர்கள் சொல்வார்கள், கேட்டு நடங்கள்.

யாரிடம் அச்சு எடுப்பது? வடிவம் படிக்க 12 வயதிலிருந்து 20 வரை நல்லது. இரண்டாம் கடைவாய்ப் பல் 12 வாக்கில் முளைத்துவிடும், பல்லின் மேடான முனைகளான முகடுகள் இன்னும் தேயாமல் இருக்கும். வயதானவர்களை ஒதுக்க வேண்டாம், அவர்களிடம் படிப்பது தேய்மானத்தை. ஊசி இருக்குதா என்று கேட்ட அந்தப் பாட்டியின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் முகடு என்று எதுவும் மிச்சமில்லை. சுற்றிலும் பல்லின் மேலோடான எனாமல் மெல்லிய வரப்பாக நிற்க, நடுவில் அதற்கு அடியிலுள்ள டென்டின் பழுப்பாகக் குழிந்து பளபளத்தது. வெற்றிலைக் கறை ஈறுவரை ஏறியிருந்தது, சொத்தை ஒன்றுகூட இல்லை. சின்ன வயசில் திருகையில் அரைத்த ராகிக் களிதான் சாப்பாடு என்றார். திருகைக் கல்லின் துகளும் மாவோடு சேர்ந்து பல்லைத் தேய்க்கும். சொத்தை தொடங்கும் பள்ளங்களும் அதோடு மறையும். அவர் பேத்திக்கு முகடுகள் கூர்மையாக இருந்தன, நான்கு முதல் கடைவாய்ப் பற்களிலும் சொத்தை. ரேஷன் அரிசி, சர்க்கரை போட்ட டீ, கடை பிஸ்கட். ஒரே திண்ணையில் இரண்டு தலைமுறையின் சாப்பாடும் பல்லில் எழுதியிருந்தது. தேய்மானத்தைக் குறிக்க ஹோலி ஸ்மித்தின் 1984 எட்டுநிலை முறை போதும்.

அச்சுக்கு முன் வாயை முழுக்கப் பாருங்கள். ஆடுகிற பல் இருந்தால் ஆல்ஜினேட் வைக்காதீர்கள், பல்லும் சேர்ந்து வந்துவிடும். மூக்கு அடைத்திருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களிடம் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் கட்டாயம் பாருங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம் இவை இருந்தால் அந்த ஆளுக்கு ஆய்வு அப்புறம், முதலில் அரசு மருத்துவமனை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவாதீர்கள். பஸ் செலவு, கூட வர ஒரு ஆள், போக வேண்டிய நாள் எல்லாம் பேசி முடியுங்கள்.

இனி ஆல்ஜினேட். கம்பெனி எதுவானாலும் புதுப் பாக்கெட், திறந்ததும் காற்றுப் புகாத டப்பா. தண்ணீரின் சூடுதான் நேரத்தை முடிவு செய்யும். மலையில் காலைத் தண்ணீர் சில்லென்று இருந்தால் மெதுவாக இறுகும், குழந்தை அதுவரை பொறுக்காது. அடிவாரத்தில் மத்தியானத் தண்ணீர் என்றால் கலக்கும்போதே இறுகிவிடும். நான் மண்பானைத் தண்ணீரில் கலக்குகிறேன், நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஆளை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி, மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். கீழ்த்தாடையை முதலில் எடுங்கள், அதில் குமட்டாது. மேல்தாடைக்கு, கலவை வைக்கும் தட்டான டிரேயின் பின்பக்கத்தை முதலில் அழுத்தி, பிறகு முன்பக்கம். அப்போதுதான் கலவை தொண்டைப் பக்கம் வழியாது.

எடுத்த அச்சைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வையுங்கள். கால் மணி நேரத்துக்குள் அதில் ஸ்டோன் (பல்லின் பிரதி எடுக்கும், கல் போல இறுகும் ஜிப்சம் மாவு) ஊற்றியாக வேண்டும். காய்ந்தால் சுருங்கும், தண்ணீரில் போட்டால் ஊதும், இரண்டிலும் அளவு போய்விடும். சாயங்காலம் லாட்ஜில் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். 100 கிராம் ஸ்டோனுக்கு 30 மில்லி தண்ணீர். கரண்ட் இல்லாத இடத்தில் அதிரவைக்கும் வைப்ரேட்டருக்குப் பதில் டிரேயைப் பலகையில் தட்டித் தட்டி, ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுங்கள். காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால், முகடு இருந்ததா இல்லையா என்று பிறகு சண்டை போட வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் ஸ்டோனை ஆல்ஜினேட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். இரவெல்லாம் விட்டால் மேற்பரப்பு மாவாகிவிடும். ஈரம் காய்வதற்குள் அடியில் எண்ணைக் கீறுங்கள். எண் மட்டும், பெயர் வேண்டாம்.

வாயிலேயே பார்க்க வேண்டியது எனாமல் கோடு. முன்பற்களையும் கோரைப் பல்லையும் பஞ்சால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், குறுக்கே ஓடும் பள்ளம் நிழலாகத் தெரியும். பல் உருவாகும் வயதில் பட்ட பட்டினியோ கடும் காய்ச்சலோ அங்கே நின்றுபோயிருக்கிறது. எனாமல் தன்னைத் திரும்பச் சரிசெய்துகொள்ளாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்கிறவர்கள் ஃபுளூரைடு கறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சுண்ணாம்புத் திட்டாகவும் பழுப்பாகவும் பரவியிருக்கும்.

அளப்பதும் மதிப்பிடுவதும் உங்கள் சொந்த இடத்துக்குத் திரும்பி வந்து, நல்ல வெளிச்சத்தில். டர்னரும் நிக்கோலும் ஸ்காட்டும் 1991-ல் வெளியிட்ட அரிசோனா முறைதான் பொதுவழக்கு. மேல் நடு வெட்டுப்பல்லின் உள்பக்கம் மண்வெட்டி போலக் குழிந்திருக்கிறதா, மேல் முதல் கடைவாய்ப் பல்லின் அண்ணப் பக்கம் காரபெல்லி முகடு உண்டா என்பதையெல்லாம் அந்த முறையின் மாதிரித் தகடுகளைப் பக்கத்தில் வைத்துத்தான் எண் போட வேண்டும். கொஞ்ச நாள் கழித்து ஒரு பகுதி அச்சுகளை முதல் எண்ணைப் பார்க்காமல் மறுபடி மதிப்பிடுங்கள். நீங்களே உங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் இன்னும் பழக வேண்டும். எழுதும்போது "ஆதிகால", "கலப்பில்லாத" போன்ற சொற்களைத் தொடாதீர்கள். முப்பது வீடு உள்ள ஊரின் பெயரைப் போட்டு "65 வயதுப் பெண்" என்று எழுதினால் அது யாரென்று பஞ்சாயத்துக்கே தெரியும். வட்டாரத்தோடு நிறுத்துங்கள்.

சரி, திரும்பிப் போகும் நாள். கட்டுரை வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை: எந்தப் பல்லில் சொத்தை, எதை அடைக்கலாம், எதைப் பிடுங்க வேண்டும் என்று பல் படத்தில் குறித்தது. முதலில் மூப்பன் முன்னால் கூட்டமாகப் பொதுச்செய்தியைச் சொல்லுங்கள், தனி ஆள் விஷயத்தைத் தனியாகச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு அனுப்பியவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, போனாரா, போகவில்லையென்றால் என்ன தடங்கல் என்று வீடு வீடாகக் கேளுங்கள். அச்சு வேண்டும் என்று சொன்னவர்களுக்குப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகள் உங்களை மொய்த்துக்கொண்டு தங்கள் பல் எது என்று தேடுவார்கள். அதனால் அன்றைக்கு எண்ணுக்கும் பெயருக்குமான பதிவேட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பையில் வைக்காதீர்கள், நீங்களே கையில் வைத்திருங்கள்.