பாறைக்கரை உயிர்களைக் கணக்கெடுக்க: இயற்கைக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958-இல் மண்டபம் முகாமில் தொடங்கப்பட்டது. ஆராய்ச்சிக்கு அப்படியான அமைப்புகள் உண்டு. ஆனால் ஒரே பாறைக்கு வருடா வருடம் போய் எண்ணிவர உள்ளூர்க் குழுவால்தான் முடியும்.

நம் தென்கோடிக் கரையில் ஓத ஏற்ற இறக்கம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு. பாறையின் அடிப்பகுதி கொஞ்ச நேரம்தான் வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பார்த்து, ஓத அட்டவணையில் நீர் மிகக் குறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் ஏறத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் கரையேறிவிடுங்கள்.

முக்கியக் கருவி சட்டகம்: பாறைமேல் வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுவதற்கான சதுரச் சட்டம். அரை அங்குல பிவிசி குழாயும் நான்கு எல்போவும் போதும். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 50 செ.மீ. வர வேண்டும். குழாயையே 50 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால், எல்போ மாட்டியதும் அளவு மாறிவிடும். பசை போடாமல் மாட்டிப் பார்த்து, அளந்து, பிறகே ஒட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு நைலான் நூல் கட்டினால் 25 கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் சட்டகப் பரப்பில் 4 சதவீதம். குழாயில் தனியாகச் சில ஓட்டைகளும் போடுங்கள். உள்ளே நீர் புகாவிட்டால் சட்டகம் மிதந்து நகரும்.

மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்களில் ஐந்தைந்து சட்டகம் வையுங்கள். சட்டகத்தை வீசிப் போடாதீர்கள். வீசும் கை தானாகவே உயிர்கள் நிறைந்த இடத்தை நோக்கிப் போகும், கணக்கு ஊதிவிடும். அளவு நாடாவை விரித்து, மொபைலில் எடுத்த சமவாய்ப்பு எண் (ரேண்டம் நம்பர்) காட்டும் மீட்டரில் வையுங்கள்.

பாசி, கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர், பார்னக்கிள்) போல் ஒட்டிப் படர்ந்தவற்றைக் கட்டங்களாகக் கணக்கிட்டுச் சதவீதமாக எழுதுங்கள். நத்தை, நண்டு போன்றவற்றை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே இருந்தால், மேல், இடது விளிம்புகளில் உள்ளதைச் சேர்த்து மற்ற இரண்டிலும் உள்ளதை விடுங்கள். முதல் சட்டகத்தை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். பெரிய வேறுபாடு வந்தால் எதை எப்படி எண்ணுவதென்று அங்கேயே பேசி முடிவெடுங்கள்.

ஒன்றுமே இல்லாத சட்டகத்துக்கு 0 என்று எழுத வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தாளில் வெறுமையாக விட்ட இடத்தை ஐந்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு, அங்கே உயிர் இல்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று தெரியாது. நீர்புகாத் தாளில் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை கரையும்.

பெயர் உறுதியில்லையா? ‘நண்டு 1’ என்று குறித்துப் படம் எடுங்கள். நண்டுக்கு மேலோட்டின் முன்விளிம்புப் பற்களும் கொடுக்குகளும் தெரிய வேண்டும். நத்தைக்கு ஓட்டின் வாய்ப்புறம் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரை விட இப்படி எண்ணிட்டுக் குறிப்பது எவ்வளவோ மேல்.

புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் வாழ்பவை வெயிலில் சீக்கிரம் காய்ந்து சாகும். கூம்பு வடிவச் சங்குகளை வெறுங்கையால் தொடாதீர்கள். சில இனங்களின் விஷம் ஆளையே கொல்லும். மணல் திட்டில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவை 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிப் போகாதீர்கள்.

படங்களை, உயிரினப் பதிவுகளுக்கான இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றும்போது பதிவின் உரிமத்தைக் கவனியுங்கள். ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று வைத்தால் அந்தப் பதிவு உலகப் பல்லுயிர்த் தரவுத் தளமான ஜிபிஐஎஃப்-க்குப் போகாது. பிடித்து விற்கப்படும் உயிர்களுக்கு மட்டும் இருப்பிடத்தை மறைத்து வையுங்கள்.