துருவப் பகுதியில் குடிநீர்: எங்கே எடுப்பது, எப்படி உருக்குவது

துருவத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். ஆனால் பெரும்பாலும் உறைந்து கிடக்கும், கடலோரமென்றால் உப்பும் சேர்ந்திருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள் கணக்கு. மைனஸ் 30 டிகிரியில் கிடக்கும் ஒரு கிலோ பனியை 10 டிகிரி தண்ணீராக்க ஏறத்தாழ 440 கிலோஜூல் வெப்பம் தேவை. அதில் 334 உருகுவதற்கு மட்டுமே போய்விடும். 0 டிகிரியில் திரவமாகவே கிடைக்கும் நீரை அதே 10 டிகிரிக்குக் கொண்டுவர 42 போதும், பத்தில் ஒரு பங்குதான். ஆகவே முதலில் ஓடை அல்லது ஏரி, அது இல்லையென்றால் ஐஸ், அதுவும் இல்லாவிட்டால்தான் பனி. (பனி என்று சொல்வது வானிலிருந்து பொழிந்து கிடப்பதை, ஐஸ் என்பது கெட்டியாக உறைந்ததை.)

கோடையில் பனியாற்றின் (மெதுவாக நகரும் பெரும் ஐஸ் திரளின்) ஓரத்திலும் பாறைச் சரிவுகளிலும் உருகுநீர் ஓடும். அது பால்போல் கலங்கியிருந்தால் பாறைத்தூள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஓர் இரவு அசையாமல் வைத்துத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். பனியாற்றின் மேலேயே ஓடும் ஓடையை நெருங்க வேண்டாம். கரை கண்ணாடிபோல் வழுக்கும், விழுந்தவரை நீர் ஆழமான குழிக்குள் இழுத்துப்போகும். தள்ளி நின்று, கயிற்றில் கட்டிய பாத்திரத்தால் மொண்டுகொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் ஏரியை நம்பலாம், அது ஆழமாக இருந்தால். ஆர்க்டிக் ஏரிகளில் ஐஸ் இரண்டு மீட்டர் வரை தடிக்கும் என்பதால் ஆழமற்ற குட்டைகள் அடிவரை உறைந்துவிடும். மேலே பனி மூடிய இடத்தில் துளையிடுங்கள். பனி போர்வைபோல் குளிரைத் தடுப்பதால் அங்கே ஐஸ் மெலிதாக இருக்கும். அதே காரணத்தால் அங்கே காலை வைக்குமுன் தடிமனைச் சோதிப்பதும் அவசியம்: ஓர் ஆள் நடக்கத் தெளிவான ஐஸ் 10 செ.மீ. வேண்டும், வெண்மையாகக் குமிழி நிறைந்திருந்தால் அதன் இரு மடங்கு. ஓடை வந்து சேரும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். நீர் எடுத்ததும் துளையைப் பலகையால் மூடி, மேலே ஓரடி பனியைக் குவித்து, ஒரு கொடியையும் நட்டுவையுங்கள். மறுநாள் வெட்டும் வேலை வெகுவாகக் குறையும். அண்டார்க்டிகாவிலுள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இப்படி அருகிலுள்ள ஏரியிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது.

ஓர் எச்சரிக்கை: கடுங்குளிரிலும் உறையாத குளத்தைக் கண்டால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது உறையாததற்குக் காரணம் பெரும்பாலும் உப்பு. அண்டார்க்டிகாவின் டான் யுவான் குளத்து நீரில் உப்பு 40 சதவீதத்துக்கும் மேல்.

கடல் ஐஸில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும்போது உப்பு ஐஸ் படிகத்துக்குள் போவதில்லை, இடையிடையே உவர்நீர்ப் பைகளாகச் சிக்கிக்கொள்கிறது. அதனால் ஒரு வருட ஐஸை உருக்கினால் லிட்டருக்கு நாலைந்து கிராம் உப்பு இருக்கும். குடித்தால் தாகம் கூடும். கோடைகளைக் கடந்த பழைய ஐஸில் உவர்நீர் கீழே வடிந்துவிடும், மேலே உருகும் நீரும் அதை அலசிவிடும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள அதன் பகுதியில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான உப்புதான். பழைய ஐஸ் நீலம் பாய்ந்து, முனை மழுங்கி, மேடாக நிற்கும். கோடரியால் தட்டினால் கண்ணாடிச் சில்லுபோல் பளபளத்துச் சிதறும். புதியது சாம்பல் நிறமாக, தட்டையாக இருக்கும். அடி விழுந்தால் ஈர உப்புபோல் நசுங்கும். எதுவானாலும் ஒரு துண்டை உருக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் விட்டுவிடுங்கள், கொதிக்க வைத்து உப்பைப் போக்க முடியாது.

கடலில் மிதக்கும் பனிப்பாறை நன்னீர்தான், ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் புரளும். அதன் மேல் ஏறவோ படகில் நெருங்கவோ வேண்டாம். கரையொதுங்கிய சிறு துண்டுகளை எடுத்து, உப்பேறிய வெளிப்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்ளேயிருப்பதை உருக்குங்கள்.

பனியென்றால் காற்றில் இறுகியதைக் கட்டியாக அறுத்தெடுங்கள். புதிதாக விழுந்த பஞ்சுப்பனி பத்து லிட்டர் உருகினால் ஒரு லிட்டர்தான், இறுகியது மூன்றுக்கும் மேல் தரும். கடல் ஐஸ் மேல் கிடக்கும் பனியில் மேலடுக்கை மட்டும் எடுங்கள், அடியடுக்கு உவர்நீரை உறிஞ்சியிருக்கும். இளஞ்சிவப்பு நிறமிருந்தால் பாசி. மஞ்சளோ பறவை எச்சமோ கண்ட இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். முகாம் போட்டவுடனே, காற்று வரும் பக்கம் தண்ணீருக்கு, எதிர்ப்பக்கம் கழிப்பிடத்துக்கு என்று எல்லை குறித்துக்கொள்ளுங்கள்.

உருக்கும்போது வெறும் பாத்திரத்தில் பனியை அமுக்கி அடுப்பில் வைப்பதுதான் வழக்கமான தவறு. அடியில் உருகும் நீரை மேலேயுள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும். அடியில் வெற்றிடம் விழும், பாத்திரம் காயும், தண்ணீரில் தீய்ந்த வாடை ஏறிவிடும். முதலில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் வைத்து, பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். மூடியும் காற்றுத் தடுப்பும் இருந்து, வெப்பத்தில் பாதி வீணானாலும், 100 மி.லி. மண்ணெண்ணெயில் நான்கு லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் வேண்டும், ஏனென்றால் வறண்ட காற்றில் மூச்சிலேயே ஈரம் போய்விடும். கூடாரத்துக்குள் எரித்தால் மேலும் கீழும் காற்றோட்டம் கட்டாயம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தலைவலி வந்தால் உடனே வெளியேறுங்கள். வெயிலிருந்தால் கறுப்பு விரிப்பைச் சரிவில் விரித்துப் பனியை மெல்லியதாகத் தூவுங்கள், எரிபொருளே செலவாகாது. தாகத்துக்குப் பனியை அப்படியே தின்பது உடம்புச் சூட்டைத்தான் குறைக்கும்.

ஏரி, ஓடை நீரை ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். நுண்குழாய் வடிகட்டி (மெல்லிய குழாயிழைகள் வழியே நீரைச் சுத்தமாக்குவது) ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விழும், ஆனால் வெளியே தெரியாது. அதை உடம்போடு வைத்திருங்கள், உறைந்ததென்று சந்தேகம் வந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

பாட்டிலை அகன்ற வாயுள்ளதாகத் தேர்ந்தெடுத்து, இறுக மூடித் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்டும் என்பதால் மூடி கடைசியில்தான் உறையும். இரவில் சூடான பாட்டில் தூங்குபைக்குள் இருக்கட்டும். பாத்திரத்தில் மட்டும் ஒரு டம்ளர் நீரை விட்டுவையுங்கள். விடிவதற்குள் அது உறைந்தாலும் அடியோடு ஒட்டியிருப்பதால் சீக்கிரம் இளகும், காலையில் போடும் முதல் பனிக்கு வேண்டிய நீர் அதுவே.