இங்கிலாந்துல வீட்ல இருந்தே சின்ன வெப் கடை: பேர்ல இருந்து பார்சல் வரைக்கும்

நான் லண்டன்ல ஹாரோங்கற ஏரியாவுல வீட்டு கிச்சன்ல இட்லி பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி பண்ணி ஆன்லைன்ல விக்கிறேன். புதுசா தொடங்குறவங்க எல்லாரும் எந்த சைட்ல கடை போட்டீங்க, லோகோ யாரு பண்ணாங்கன்னுதான் முதல்ல கேக்குறாங்க. அது ஒரு வாரத்துல முடிஞ்சிடும்ங்க. அதுக்கு முன்னாடி பண்ண வேண்டியதைத்தான் யாரும் கேக்குறதில்ல, அதனால அந்த வரிசையிலயே எழுதுறேன்.

1. உங்க விசா என்ன சொல்லுதுன்னு பாருங்க

ஸ்டூடன்ட் விசாவுல இருந்தா சொந்தத் தொழில் பண்ணவே கூடாது, இன்ஸ்டாகிராம்ல நாலு பாக்கெட் முறுக்கு விக்கிறதும் அதுல சேரும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல நீங்க மெயின் ஆளா இருந்தா, கம்பெனி ஸ்பான்சர் பண்ண வேலைக்குத்தான் அந்த விசா, வக்கீல்கிட்ட கேக்காம இறங்காதீங்க. ஸ்கில்டு வொர்க்கரோட டிபென்டன்ட் (அவங்க விசாவை வச்சு கூட வந்த கணவன் இல்ல மனைவி), பிஆர் வாங்கினவங்க, சிட்டிசன் இவங்கல்லாம் தாராளமா பண்ணலாம். வீட்டுக்காரர் விசாவுல வந்துட்டு நம்மளால ஒண்ணும் முடியாதுன்னு வருஷக்கணக்கா உக்காந்திருக்கற பெண்களை நான் நிறைய பாக்குறேன், உங்களுக்கு அனுமதி இருக்கு, தயவுசெஞ்சு தெரிஞ்சுக்கோங்க.

2. பேரு எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கட்டும்

இது நம்ம ஆளுங்களுக்கே உள்ள சிக்கல். நமக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்ல அப்பா பேரு ஒரு பக்கம், பேங்க்ல இனிஷியல் மட்டும், டேக்ஸ் ஆபீஸ்ல முன்னபின்ன மாறி இருக்கும். எனக்கு பேங்க்ல இனிஷியலோட இருந்துச்சு, கார்டு பணம் வாங்கித் தர்ற கம்பெனில அப்பா பேரை முழுசா குடுத்திருந்தேன், ரெண்டும் ஒரே ஆளான்னு சந்தேகப்பட்டு மூணு வாரம் என் பணத்தை நிறுத்தி வச்சுட்டாங்க, அது தீபாவளி ஆர்டர் பணம், அடுத்த சரக்குக்கு உளுந்து வாங்கக்கூட கையில காசு இல்லாம தவிச்சேன். அதனால பாஸ்போர்ட்ல என்ன எழுத்து இருக்கோ அதையே ஈவிசா (ஆன்லைன்ல இருக்கற உங்க விசா பதிவு), டேக்ஸ், பேங்க், கார்டு கம்பெனி நாலுலயும் எழுத்து மாறாம குடுங்க. கடைப் பேரு வேற என்னவா வேணா இருக்கலாம்.

3. டேக்ஸ்

பயப்படாதீங்க. ஏப்ரல் 6ல இருந்து அடுத்த ஏப்ரல் 5 வரைக்கும் ஒரு வருஷக் கணக்கு. அதுல வியாபார வரவு 1,000 பவுண்டைத் தாண்டினா டேக்ஸ் ஆபீஸ்ல சோல் டிரேடரா (கம்பெனி இல்லாம தனி ஆளா தொழில் பண்றவர்) பதியணும், அந்த வருஷம் முடிஞ்சு வர்ற அக்டோபர் 5க்குள்ள. 1,000ங்கிறது லாபம் இல்ல, மொத்த வரவு, நிறைய பேரு இங்கதான் தப்பு பண்றாங்க. ஆன்லைன்ல கணக்கு காட்ட கடைசி நாள் அதுக்கடுத்த ஜனவரி 31. விஏடிக்கு (விக்கிற பொருள் மேல போடுற வரி) 12 மாசத்துல 90,000 பவுண்டு தாண்டணும், இப்போதைக்கு அதை நினைக்கவே வேண்டாம். பருப்பு வாங்கின பில், டேப் வாங்கின பில் எல்லாத்தையும் அன்னன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க.

4. கவுன்சில், அப்புறம் லேபிள்

சாப்பாட்டுச் சாமான்னா விக்க ஆரம்பிக்கிறதுக்கு 28 நாளைக்கு முன்னாடியே உங்க கவுன்சில்ல (உங்க ஏரியா நகராட்சி மாதிரி) பதியணும். காசு கிடையாது, முடியாதுன்னும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஒரு ஆபீசர் கிச்சனைப் பாக்க வருவாரு. ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி (உணவுப் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு) குடுக்குற இலவச ஃபைல் ஒண்ணு இருக்கு, அதுல எப்படி வறுக்குறீங்க, எப்படி ஆற வைக்கிறீங்க, மிக்ஸியை எப்படி கழுவுறீங்கன்னு எழுதி வச்சிருங்க, வந்தவரு அதைத்தான் முதல்ல கேப்பாரு.

லேபிள்ல பொருளோட பேரு, சேர்மானம் எடை அதிகமா இருக்கறதுல இருந்து வரிசையா, எடை, எது வரைக்கும் நல்லா இருக்கும்ங்கற தேதி, உங்க பேரு விலாசம், இதெல்லாம் இங்கிலீஷ்ல வேணும். இங்க அலர்ஜிப் பொருள்னு 14 இருக்கு, அது சேர்மானத்துல மத்ததுல இருந்து தனியா, கெட்டி எழுத்து (போல்டு) மாதிரி, தெரியணும். நம்ம ஊர் சமையல்ல கவனிக்க வேண்டியது எள்ளு, கடுகு, நிலக்கடலை, முந்திரி. நல்லெண்ணெய்னா எள்ளுதான், மறந்துடாதீங்க. கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படிங்க. பொடில அரிசியும் பருப்பும்தானே இருக்குன்னு குளூட்டன் இல்லன்னு போட்டுட்டா கோதுமை ஒத்துக்காத ஒரு ஆளு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவசரமே வேண்டாம், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் லேபிளை ரெண்டாவது ஆளு படிச்சப்புறம் பிரிண்ட் போடுங்க.

5. சைட்ல என்ன எழுதணும்

வெள்ளைக்காரங்க வாங்க மாட்டாங்கன்னு சொல்லி சொந்தப் பேரை மறைச்சு இங்கிலீஷ் பேரு வைக்கிறவங்க இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடில்ல. சட்டப்படியும் சைட்ல உங்க நிஜப் பேரு, விலாசம், ஈமெயில் இருந்தே ஆகணும். பேரைப் போடுங்க, போட்டோ போடுங்க. இட்லி பொடியை இட்லி பொடின்னே எழுதுங்க, கீழ ரெண்டு வரி, எண்ணெய்ல குழைச்சு தோசைக்குத் தொட்டுக்கலாம், வறுத்த உருளைக்கிழங்கு மேல தூவலாம், முட்டைக்கு நல்லா இருக்கும்னு. லண்டன்ல ஈஸ்ட் ஹாம், டூட்டிங் மாதிரி ஏரியாவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு கடை தெருமுனையிலயே இருக்கு, பக்கத்துலயே வாங்கிடுவாங்க. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலைல இருக்கற கார்ன்வால்ல ஒரு பாட்டி முட்டைல தூவி சாப்பிட்டுட்டு மூணு மாசமா திரும்பத் திரும்ப வாங்குறாங்க, அவங்களுக்காகத்தான் அந்த ரெண்டு வரி.

நம்ம ஆளுதானே, கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு கேக்குறவங்களுக்கு ஒரு கூப்பன் குடுங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே கூப்பன். கடன் வேண்டாம்.

சீல் பிரிக்காத பாக்கெட்டை கைக்கு வந்து 14 நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்ல வாங்கினவங்களுக்கு உரிமை இருக்கு, அதையும் சைட்ல எழுதிடுங்க.

6. பார்சல்

ராயல் மெயில்ல (இங்க இருக்கற தபால் சர்வீஸ்) லார்ஜ் லெட்டர்னா, அதாவது பெரிய கவர் ரேட்னா, தடிமன் 2.5 செ.மீ.க்குள்ள இருக்கணும். 100 கிராம் பொடியை பாட்டில்ல போடாம தட்டையான பவுச்ல போட்டு, உள்ளங்கையால நல்லா பரப்பி, காத்தை எடுத்துட்டு ஒட்டினா அந்த அளவுக்குள்ள வந்துடும், பார்சல் ரேட் குடுக்க வேண்டாம், கதவு ஓட்டை வழியாவே உள்ள விழுந்துடும், ஆளு வீட்ல இருக்கணும்னும் இல்ல. கெட்டி அட்டைல 2.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஸ்லிட் வெட்டி வச்சுக்கோங்க, ஒட்டின ஒவ்வொரு கவரையும் அதுல நுழைச்சுப் பாத்துட்டு போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்புங்க.