பெங்களூரைச் சுற்றி நாள் முழுக்க நடக்க: பாதையை நீங்களே போடுவது எப்படி

பெங்களூரில் நீண்ட நடை என்றாலே எல்லோரும் நந்தி மலை, ஸ்கந்தகிரி, சாவன்துர்கா என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் ஏறி இறங்குகிற சமாசாரம், ஞாயிற்றுக்கிழமை போனால் தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி கூட்டம். வயல், ஏரிக்கரை, தோப்பு என்று பகல் முழுக்க நடக்க அம்புக்குறி போட்ட பாதை இங்கே கிடைக்காது, நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் பஸ்ஸோ ரயிலோ வருகிற இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறுவதுதான் திட்டம். போன வழியே திரும்பி வருவது அலுப்பு. முடிகிற இடம் ஒரு கோயிலாக இருந்தால் தண்ணீர், நிழல், சாப்பாடு, பஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொட்டபள்ளாப்பூருக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து காட்டி சுப்ரமண்யா கோயில் வரை நடக்கலாம். நம்ம முருகன்தான், ஆனால் ஒரே கல்லில் பின்பக்கம் நரசிம்மரும் இருக்கிறார், அவரைப் பார்க்கக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மேப். கூகுள் மேப்பில் நடைவழி கேட்டால் பெரும்பாலும் தார் ரோட்டில்தான் தள்ளும், லாரிக்குப் பக்கத்தில் நடப்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். ஓஎஸ்எம்ஆண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் ஆப்பை இறக்கி, நெட் இல்லாமலும் வேலை செய்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சாட்டிலைட் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: வயல்களுக்கு நடுவே மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் அது வண்டித்தடம், ஏரியின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக ஒரு கோடு ஓடினால் அது கரை. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களும் இணையத்தில் இலவசம். எந்த நிலம் அரசாங்கத்துடையது என்று சந்தேகம் வந்தால் கர்நாடக அரசின் திஷாங்க் ஆப்பில் சர்வே நம்பரைப் பார்க்கலாம். இவ்வளவு பார்த்தாலும், போன வருடம் பாதை இருந்த இடத்தில் இந்த வருடம் லேஅவுட்டும் காம்பவுண்டு சுவரும் நிற்கும், அதனால் மாற்று வழி ஒன்றையும் குறித்து வையுங்கள்.

தூரம் முதல் தடவை 15 கி.மீ. போதும். மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்று நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார், அது அந்த ஊர் குளிருக்குச் சரி, நம்ம வெயிலுக்கு மணிக்கு 4 கி.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர்.

வழி கேட்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காட்டி பக்கத்து ஊரான தூபகெரெயை வைத்து ‘இது தூபகெரெ போகுமா?’ என்று கேட்டால், மரியாதைக்காகவே ‘ஹௌது’ (ஆமாம்) என்று சொல்லிவிடுவார்கள். ‘தூபகெரெகெ தாரி யாவுது?’ (தூபகெரெக்கு எது வழி?) என்று கேளுங்கள், அப்போதுதான் கையை நீட்டிக் காட்டுவார்கள். பைக்கில் போகிற பையன்கள் தார் ரோட்டைத்தான் சொல்வார்கள். ஆடு மேய்ப்பவரைப் பிடியுங்கள், அவருக்குத்தான் ஒற்றையடிப்பாதை தெரியும்.

ராகி அறுவடைச் சமயத்தில், வண்டிகள் ஏறி மிதித்துப் போகட்டும் என்று கதிரை ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். ஓரமாகப் போங்கள், வழுக்கும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், கல்லெடுக்கிற மாதிரி குனிந்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

மாகளிதுர்கா மலைப் பக்கம் போனால் தண்டவாளத்தின் மேல் நடக்க ஆசை வரும், வேண்டாம், ஆபத்து மட்டுமல்ல, ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட. வனத்துறைக்குக் கீழ் வருகிற மலைகளில் ஏற முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். தெற்கே பன்னேர்கட்டா, கனகபுரா காட்டோரம் யானை நடமாட்டம் உண்டு, அங்கே உள்ளூர் ஆள் துணையில்லாமல் போகவே போகாதீர்கள்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே தொட்டபள்ளாப்பூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொள்ளுங்கள். சஷ்டியன்றும் மாட்டுச் சந்தை நடக்கும் நாட்களிலும் காட்டியில் பஸ் பிதுங்கும், அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றால்தான் சீட்.