சேர்மத்தின் பெயரும் வாய்பாடும்: காரைக்குடிச் சுவரிலிருந்து தொடங்குவோம்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேதியியலில் முதலில் தடுக்கி நிற்கிற இடம் இது. பெயரைச் சொன்னால் வாய்பாடு வராது, வாய்பாட்டைக் காட்டினால் பெயர் வராது. மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றலாம் என்று பார்த்தால் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் எல்லாம் குழம்பிவிடும். மாலையில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு முறையைச் செய்து பார்த்து ஒழுங்குபடுத்தினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அணு, எலக்ட்ரான், உலோகம், அலோகம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. குறியீடுகளை வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்: கால்சியத்துக்கு சிஏ, ஆக்சிஜனுக்கு ஓ. நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். முதல் எழுத்து பெரியது, இரண்டாவது எழுத்து இருந்தால் கட்டாயம் சின்னது. 'சி'க்கு அடுத்து வரும் 'ஓ'வைச் சின்னதாக எழுதினால் கோபால்ட், பெரியதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு. அதேபோல் பெயரில் அடைப்புக்குள் நான் 2, 3 என்று போடுவதை நீங்கள் ரோமன் எண்ணாகப் போட வேண்டும்.

என்னென்ன வேண்டும்

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், நல்ல ரப்பர். பேனா வேண்டாம், அழித்து எழுதுகிற வேலை நிறைய உண்டு. அப்புறம் சுவரில் மாட்டுகிற தனிம வரிசை அட்டவணை ஒன்று. போனில் பெயரைத் தட்டினால் வாய்பாட்டைக் கொட்டுகிற செயலிகளைக் கற்கும் காலத்தில் தொடவே கூடாது என்பது என் கருத்து. விடை கிடைக்கும், கை பழகாது. அதைவிடப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் அயனியின் (மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டத்தின்) பெயரும் மறுபக்கம் அதன் மின்சுமையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அட்டையில் ஏற வேண்டியவை

+1: சோடியம், பொட்டாசியம், வெள்ளி, அம்மோனியம்
+2: கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், பேரியம்
+3: அலுமினியம்
−1: குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், ஹைட்ரஜன் கார்பனேட்
−2: ஆக்சைடு, சல்பைடு, சல்பேட், கார்பனேட்
−3: பாஸ்பேட்

மனப்பாடம் இவ்வளவுதான். இரும்பும் செம்பும் வேண்டுமென்றே இதில் இல்லை. அவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுமை உண்டு, அவை படி 4-க்கு.

படி 2: கூட்டினால் பூஜ்யம்

அயனிச் சேர்மத்துக்கு விதி ஒன்றே ஒன்று: நேர்ச்சுமையும் எதிர்ச்சுமையும் சேர்ந்து பூஜ்யம் ஆக வேண்டும். பெயரில் உலோகம் முதலில், எதிர் அயனி பிறகு. வாய்பாட்டிலும் அதே வரிசை.

பழகுவதற்கு எங்கள் ஊர் வீடுகளின் சுவரே போதும். செட்டிநாட்டுப் பூச்சுக்கு அடிப்படை சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். +2-க்கு −2 சரியாகப் போகிறது, ஆகவே ஒன்றுக்கு ஒன்று: சிஏ சிஓ₃. சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். மறுபடியும் +2, −2, ஆகவே சிஏ ஓ. தண்ணீர் ஊற்றி நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு. இதில் ஹைட்ராக்சைடு −1 மட்டுமே, ஆகவே இரண்டு வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு திரும்பவும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கல்லில் தொடங்கி, சுவரில் மறுபடி கல்லாகிறது. இந்த மூன்று பெயரையும் வாய்பாட்டையும் தடுமாறாமல் எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பள்ளியில் பலர் சுமைகளைக் குறுக்கே மாற்றிப் போடும் முறையைச் சொல்லித் தருகிறார்கள். கால்சியத்தின் 2 ஆக்சிஜனுக்குக் கீழே, ஆக்சிஜனின் 2 கால்சியத்துக்குக் கீழே. வேகமானது, ஆனால் சிஏ₂ ஓ₂ என்று வந்து நிற்கும். சுருக்க மறந்தால் போச்சு. நான் மீச்சிறு பொது மடங்கைத்தான் விரும்புகிறேன். அலுமினியம் சல்பேட்டுக்கு 3, 2 இரண்டுக்கும் பொது மடங்கு 6. ஆறு வர அலுமினியம் இரண்டு, சல்பேட் மூன்று: ஏஎல்₂(எஸ்ஓ₄)₃. ஏன் அந்த எண் வந்தது என்பது கண்முன் தெரிகிறது.

படி 3: அடைப்புக்குறி

ஹைட்ராக்சைடு, சல்பேட் போன்ற கூட்டு அயனி ஒன்றுக்கு மேல் வந்தால் அடைப்புக்குறி போடுங்கள், ஒன்றே ஒன்று என்றால் வேண்டாம். கால்சியம் ஹைட்ராக்சைடு சிஏ(ஓஎச்)₂. அடைப்புக்குறி விட்டுப்போனால் 2 என்பது ஹைட்ரஜனை மட்டும் சேர்ந்துவிடும், ஆக்சிஜன் ஒன்று குறையும்.

படி 4: அடைப்புக்குள் இருக்கும் ரோமன் எண்

இங்கே கொஞ்சம் நிதானமாக நடப்போம். இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே இந்தப் படிக்காகத்தான்.

பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை பார்த்திருப்பீர்கள். ஆத்தங்குடிக் கற்களுக்குச் சிவப்பு தருவதும் இரும்பு ஆக்சைடு நிறப்பொடிதான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, பூவுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று சாயக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். அந்தச் சிவப்பின் முறையான பெயர் இரும்பு(3) ஆக்சைடு.

திண்ணையில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, மூணுன்னு போட்டிருக்கே, அப்ப இரும்பு மூணுதானே?"

இல்லை. அந்த 3 இரும்பின் எண்ணிக்கை அல்ல, ஒவ்வொரு இரும்பின் மின்சுமை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இரும்பு +3, ஆக்சைடு −2, பொது மடங்கு 6. இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று: எஃப்இ₂ ஓ₃. இரும்பு இரண்டுதான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் செம்பைப் பாருங்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேய்க்காத செப்புப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால், சூடேறிய இடத்தில் சிவந்த படலமும் அதற்கு மேல் கரும்படலமும் தெரியும். சிவப்பு செம்பு(1) ஆக்சைடு, கறுப்பு செம்பு(2) ஆக்சைடு. முதலாவதில் செம்பு +1, ஆக்சைடு −2, ஆகவே செம்பு இரண்டு: சியூ₂ ஓ. இரண்டாவதில் +2-க்கு −2, ஆகவே செம்பு ஒன்று: சியூ ஓ. பெயரில் 1 இருப்பதில் இரண்டு செம்பு, 2 இருப்பதில் ஒரு செம்பு! இந்த ஒரு ஜோடி மனதில் பதிந்தால் ரோமன் எண்ணை எண்ணிக்கை என்று இனி யாரும் நினைக்க மாட்டார்கள்.

வாய்பாட்டிலிருந்து பெயருக்கு வருவதென்றால் பின்னாலிருந்து நடக்க வேண்டும். எஃப்இ சிஎல்₃ என்று கொடுத்தால், குளோரைடு −1, மூன்று இருக்கிறது, மொத்தம் −3. இரும்பு ஒன்றே ஒன்று, ஆகவே +3. பெயர் இரும்பு(3) குளோரைடு. எப்போதும் எதிர் அயனியிலிருந்து தொடங்குங்கள், அதன் சுமை மாறாது. சோடியம், கால்சியம், அலுமினியம் போன்றவற்றுக்கு ஒரே சுமைதான் என்பதால் ரோமன் எண் போட வேண்டியதில்லை.

இந்தச் சுமைக்கு நிஜமான வேலை இருக்கிறது. ஒரே அளவு மின்சாரத்தைச் செலுத்தினால், செம்பு(2) கரைசலில் ஒரு செம்பு அணு படிகிற நேரத்தில் வெள்ளிக் கரைசலில் இரண்டு வெள்ளி அணுக்கள் படியும். செம்புக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும், வெள்ளிக்கு ஒன்று போதும். முலாம் பூசுவதற்கும் மின்கலத்துக்கும் அடிப்படையான இந்தக் கணக்கில் ஆராய்ச்சி நடக்கும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரிதான் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அது. அந்த வளாகத்தைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் எப்படி விடுவது?

படி 5: இரண்டும் அலோகம் என்றால்

இங்கேதான் மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, டைநைட்ரஜன் பென்டாக்சைடு. இவை எண்ணிக்கையையே நேராகச் சொல்லிவிடும். உலோகச் சேர்மத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள்: சிஏ சிஎல்₂ என்பது கால்சியம் குளோரைடு, கால்சியம் டைகுளோரைடு அல்ல.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றும் குழப்புகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். 'ஐடு' என்றால் ஆக்சிஜன் கிடையாது, கந்தகம் மட்டும். 'ஐட்' என்றால் மூன்று ஆக்சிஜன், 'ஏட்' என்றால் நான்கு. மூன்றுக்கும் சுமை −2. நைட்ரஜனில் எண்ணிக்கை வேறு: நைட்ரைட்டில் இரண்டு, நைட்ரேட்டில் மூன்று. ஆக, 'ஏட்' இருப்பதில் 'ஐட்'டைவிட ஓர் ஆக்சிஜன் கூடுதல் என்பதுதான் பொது விதி. தமிழில் எழுதும்போது டு, ட் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு எச்₂ ஓ₂. இதை ஏன் எச் ஓ என்று சுருக்கவில்லை? நல்ல கேள்வி. ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் பெராக்சைடு, மொத்தச் சுமை −2. அயனிகளின் எண்ணிக்கையைத்தான் சுருக்கலாம், ஓர் அயனிக்குள் இருக்கிற எண்ணைத் தொடக்கூடாது. சோடியம் பெராக்சைடும் என்ஏ₂ ஓ₂-தான்.

படிகாரத்துக்கு எப்படி என்று ஒருவர் கேட்டார். பொட்டாசியம் +1, அலுமினியம் +3, மொத்தம் +4. சல்பேட் இரண்டு, −4. சரியாகிவிட்டது. கூடவே ஒட்டியிருக்கும் 12 நீர் மூலக்கூறுகளுக்குச் சுமை இல்லை, கடைசியில் ஒரு புள்ளி வைத்து எழுதினால் போதும். மயில்துத்தத்திலும் அப்படியே: செம்பு(2) சல்பேட், புள்ளி, ஐந்து நீர்.

கறுப்பு நிறப்பொடியான எஃப்இ₃ ஓ₄-க்குக் கணக்குப் போட்டால் இரும்பின் சுமை பின்னத்தில் வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். ஆக்சிஜன் நான்கு, மொத்தம் −8. மூன்று இரும்புக்குச் சமமாகப் பங்கு போட்டால் முழு எண் வராதுதான். அதில் ஓர் இரும்பு +2, மற்ற இரண்டும் +3, கூட்டினால் 8. பெயரில் இரண்டு சுமையையும் சேர்த்தே எழுதுவார்கள்: இரும்பு(2,3) ஆக்சைடு.