பேண்டலேரோவிலிருந்து டிரக் வரை: ஸ்டாக் கார் ஓட்டுநர் படியேறும் வழி

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில் (சாலைக் காரின் உருவில் கட்டிய பந்தயக் கார்கள் ஓடுவது) மேலே போகப் போக ஒரு சுற்றின் செலவு கூடும், பழகக் கிடைக்கும் சுற்றுகள் குறையும். சிறுவர்களுக்கான சின்னப் பந்தயக் காரான பேண்டலேரோவில் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுற்றலாம். பெரிய தொடர்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் டிரக் (பிக்கப் வண்டி) தொடரிலோ பல வார இறுதிகளில் பயிற்சி அரை மணி நேரம்கூட இருக்காது. அதனால் எந்தத் திறமையையும் அது மலிவாகக் கிடைக்கும் படியிலேயே கற்றுக்கொண்டுவிட வேண்டும். பிள்ளைக்கு வயது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அடுத்த காருக்குத் தாவும் குடும்பங்கள்தான் அதிகம் செலவழித்துக் குறைவாகக் கற்கின்றன.

முதல் படி: சின்ன எஞ்சின், நிறைய சுற்று

ஐந்து வயதிலேயே குவார்ட்டர் மிட்ஜெட் என்ற குட்டிப் பந்தயக் காரில் உட்காரலாம். நாஸ்கார் சாம்பியன் ஜெஃப் கார்டன் அப்படித்தான் தொடங்கினார். ஸ்டாக் கார்தான் இலக்கு என்றால் எட்டு வயதில் பேண்டலேரோ போதும். இரட்டைச் சிலிண்டர் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் எஞ்சின், 570 சிசி, சுமார் 30 குதிரைத்திறன். சிறுவர் பிரிவில் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு மாட்டிவிடுவார்கள். சக்தி இவ்வளவு குறைவு என்பதால் வளைவில் வேகம் விட்டால் நேர்பாதையில் அது திரும்பி வராது. குழந்தை கற்க வேண்டியதும் அதுதான்: வளைவின் நடுவில் வேகத்தைச் சாகவிடாமல், ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பி ஓட்டுவது. முன் டயரை இழுத்துத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ஒரு பிரேக் போலவே வேலை செய்யும்.

செட்டப்பில், அதாவது காரின் ஸ்பிரிங், எடை அமைப்பில், இந்தக் கட்டத்தில் கை வைக்காதீர்கள். டயர் அழுத்தம், செயின், எண்ணெய், நட்டு இறுக்கம் இவற்றைச் சரிபார்த்தால் போதும். கார் வாரம்தோறும் மாறிக்கொண்டே இருந்தால், மாறியது காரா தான் ஓட்டிய விதமா என்று பிள்ளைக்குப் புரியாது.

லெஜண்ட் கார்: வலது காலுக்குப் பள்ளிக்கூடம்

1992-இல் ஷார்லட்டில் அறிமுகமான லெஜண்ட் கார், பழைய 1930, 40-களின் கார்களை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கிய உருவம். யமஹா மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஓட்டுநரோடு சேர்த்து 1300 பவுண்ட். இரு அச்சுகளுக்கும் இடையே 73 அங்குலம்தான், டயரின் பிடிப்பும் குறைவு. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். பெரிய காரில் பல சுற்றுகள் மறைந்திருக்கும் தவறு இதில் உடனே தெரிந்துவிடுகிறது. பெரிய காருக்கு முன் இதில் இரண்டு பருவம் ஓட்டச் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

பயிற்சிக்கு ஒரு முறை: பத்துச் சுற்று ஓட்டி நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகமான சுற்று எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், வேகமானதற்கும் மெதுவானதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மைல் ஓவலில் (நீள்வட்டத் தடத்தில்) அந்த இடைவெளி 0.2 நொடிக்குள் வந்த பிறகுதான் செட்டப் மாற்றத்தின் பலனை அளக்க முடியும். அதற்கு முன் செய்வதெல்லாம் இருட்டில் அம்பு எய்வதுதான்.

சிமுலேட்டரை இங்கிருந்தே சேர்த்துக்கொள்ளலாம். வில்லியம் பைரன் ஐரேசிங் என்ற கணினிப் பந்தய சிமுலேட்டரில் தொடங்கி, இந்த விளையாட்டில் தாமதம் என்று கருதப்படும் வயதில் லெஜண்ட் காருக்கு வந்தவர். 2015-இல் நாஸ்காரின் கீழ்நிலைத் தொடரான கே அண்ட் என் கிழக்கில் சாம்பியன், 2016-இல் டிரக்கில் ஏழு வெற்றி, 2017-இல் இரண்டாம் நிலைத் தொடரான எக்ஸ்ஃபினிட்டியில் சாம்பியன், 2018-இல் உச்சத் தொடரான கப். திரையில் தடத்தின் கோடு, பிரேக் குறி, நெரிசலில் பொறுமை எல்லாம் பழகலாம். இருக்கையின் அடியில் பின் டயர் நழுவத் தொடங்கும் உணர்வு மட்டும் அங்கே கிடைக்காது.

பாதுகாப்புச் சாமான்

காரில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். ஹெல்மெட் கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்ஏ தரத்தில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் தீத்தடுப்புக்குச் சோதிக்கப்பட்டதல்ல. தீயுடை, பந்தயச் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 3.2ஏ/5 தரம், தீயில் சுமார் பத்து நொடி தரும். பெல்ட்டில் உள்ள எஸ்எஃப்ஐ 16.1 சீட்டின் தேதியைப் பாருங்கள்: தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கழுத்துக்கு, மோதலில் தலை முன்னே பாயாமல் பிடிக்கும் ஹான்ஸ் வகைக் கருவி கட்டாயம். 2001 பிப்ரவரியில் நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் பந்தய மோதலில் இறந்தார், அந்த ஆண்டு அக்டோபரிலேயே நாஸ்கார் அதைக் கட்டாயமாக்கியது. வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறை இருக்கையை அளந்து பார்க்க வேண்டும். விலாவுக்கும் இருக்கைக்கும் நடுவே கை நுழைந்தால் இருக்கை பெரிதாகிவிட்டது என்று பொருள்.

லேட் மாடல்: உண்மையான படிப்பு

பொதுவாக 13, 14 வயதில் லேட் மாடல், அதாவது உள்ளூர்த் தடங்களில் ஓடும் முழு அளவு ஸ்டாக் கார். வர்ஜீனியா, கரோலினா பக்கம் லேட் மாடல் ஸ்டாக். தென்கோடியிலும் வடமத்தியப் பகுதியிலும் சூப்பர் லேட் மாடல். பின்னது எடை குறைவு, சக்தி அதிகம்; பென்சகோலாவில் டிசம்பரில் நடக்கும் ஸ்னோபால் டெர்பி அதற்குத் தேர்வு மாதிரி. எதைத் தேர்ந்தாலும் ஒரே தடத்தில் ஒரு பருவம் முழுக்க ஓட்டுங்கள். ஹிக்கரி, சவுத் பாஸ்டன் போன்ற தடங்களில் இருபது வருடமாக ஓட்டும் உள்ளூர்க்காரர்களின் பின்னால் சுற்றுவதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

கார் எப்படி நிற்கிறது என்பதை ஓட்டுநர் இங்கேதான் கற்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் தனித்தனியே எடை போடும்போது கூடவே நிற்கச் சொல்லுங்கள். தரை மட்டமாக இருக்கட்டும், டயர் அழுத்தம் பந்தயத் தொடக்க அளவில், ஓட்டுநரின் எடை இருக்கையில், முன் ஸ்வே பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் காரை அமுக்கி விட்டுப் பிறகு அளவு பாருங்கள். இல்லையேல் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு பொய் எண் காட்டும். உதாரணமாக, இடது முன் 820, வலது முன் 680, இடது பின் 850, வலது பின் 650, மொத்தம் 3000 பவுண்ட். இடப்பக்கம் 1670, அதாவது 55.7 சதவீதம். வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 1530, அதாவது 51 சதவீதம். இதுதான் கிராஸ் எடை, பிட்டில் (காரைச் சரிசெய்யும் இடத்தில்) வெட்ஜ் என்பார்கள். இடது பின் ஸ்பிரிங் திருகை இறுக்கினால் அந்த இரண்டு மூலையும் கனக்கும், மற்ற இரண்டும் இலேசாகும், இடப்பக்க மொத்தம் மாறாது. வெட்ஜ் கூடினால் கார் டைட்டாகும், அதாவது முன்பக்கம் திரும்ப மறுக்கும்; குறைந்தால் லூஸாகும், அதாவது பின்பக்கம் நழுவும்.

அடுத்தது ஸ்டாகர். வலது பின் டயரின் சுற்றளவு 85.5 அங்குலம், இடது பின் 84 என்றால் ஸ்டாகர் 1.5. பெரிய சக்கரம் வெளியே இருப்பதால் கார் தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதிகமானால் வளைவை விட்டு வெளியேறும்போது பின்பக்கம் நழுவும். டயர் சூடேறி அழுத்தம் கூடும்போது சுற்றளவும் கூடும், எனவே குளிர்ந்த டயரை அளந்த எண்ணை நம்பாதீர்கள். ஓட்டம் முடிந்து உள்ளே வந்தவுடன் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் வெப்பம் எடுங்கள். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். மெதுவாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து அளந்தால் எந்தப் பயனும் இல்லை.

எண்களைவிட முக்கியமானது ஓட்டுநர் சொல்லும் விதம். ‘கார் நல்லா இல்ல’ என்பது தகவலே அல்ல. நுழைவு, நடு, வெளியேற்றம் என்று வளைவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டைட்டா லூஸா, எந்தச் சுற்றில் தொடங்கியது என்று சொல்லப் பழக்குங்கள். பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் வெளியேற்றத்தில் லூஸ் என்கிறார். குழுவினர் வெட்ஜ் ஏற்றுகிறார்கள். கார் இன்னும் மோசமாகிறது. நடந்தது என்னவென்றால், கார் நடுவில் டைட்டாக இருந்தது. திரும்பாததால் அவர் ஸ்டியரிங்கைக் கூடுதலாக மடக்கினார். முன் டயர் திடீரென்று கடித்ததும் பின்பக்கம் வெளியே வந்தது. நோய் நடுவில், அழுகை வெளியேற்றத்தில். பாதி நேரம் அந்த டைட்டுக்கும் காரணம் கார் அல்ல, பிரேக்கைத் தாமதமாக மிதித்து வளைவுக்குள் வேகமாகப் பாய்ந்ததுதான். ஐந்தடி முன்னதாக ஆக்சிலரேட்டரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் டைட் என்றால் மட்டும் ஸ்பேனரைத் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

டயர் காப்பதும் இந்தப் படியில்தான் வரும். 40 சுற்று ஓட்டி, முதல் ஐந்தின் சராசரியையும் கடைசி ஐந்தின் சராசரியையும் எழுதுங்கள். வெளியேற்றத்தில் பின் டயரைச் சுழலவிடும் பிள்ளையின் முதல் ஐந்து அழகாக இருக்கும், கடைசி ஐந்து சரிந்திருக்கும். 200 சுற்றுப் பந்தயத்தில் அவர் பாதி வழியிலேயே தேங்கிவிடுவார்.

வானொலியில் ஸ்பாட்டர் (மேலிருந்து தடத்தைப் பார்த்து ஓட்டுநருக்குச் சொல்பவர்) குரல் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கேட்கும் கருவி கொடுங்கள், பேசும் பொத்தானைக் கொடுக்காதீர்கள். இரண்டு பேர் ‘உள்ளே, உள்ளே’ என்றால் பிள்ளை யாரை நம்பும்?

ஆர்கா, பிறகு டிரக்

2018-இல் நாஸ்கார் ஆர்கா என்ற ஸ்டாக் கார் பந்தய அமைப்பை வாங்கியது. 2020 முதல் அது தேசியத் தொடர், கிழக்கு, மேற்கு என்று ஓடுகிறது. சிறிய தடங்களில் 15 வயதில் ஓட்டலாம். மிகப் பெரிய ஓவல்களுக்கு 18 ஆக வேண்டும். டிரக்கில் 1.25 மைலும் அதற்குக் குறைவான ஓவல்களும், சாலைத் தடங்களும் என்றால் 16, பெரியவை 18. கப்பிலும் 18தான். இந்த வயது வரம்புக்குப் பின்னால் ஒரு வேடிக்கை: 2001-இல் கலிபோர்னியாவின் ஃபான்டானாவில் டிரக் ஓட்ட வந்த 16 வயது கைல் புஷ்ஷைப் பயிற்சிக்குப் பிறகு வெளியேற்றினார்கள். அந்த வார இறுதியின் விளம்பரதாரர் சிகரெட் நிறுவனம், புகையிலை ஒப்பந்தப்படி 18-க்குக் கீழானவர் அங்கே ஓட்டக்கூடாது. நாஸ்கார் பிறகு எல்லாத் தேசியத் தொடருக்கும் 18 என்று வைத்து, சிறிய தடங்களுக்காக டிரக்கில் பின்னால் தளர்த்தியது.

உரிமம் கேட்டு விண்ணப்பித்தால் ஒரே அடியாக எல்லாத் தடத்துக்கும் அனுமதி கிடைக்காது. முதலில் சிறிய தடங்கள், பிறகு 1.5 மைல் வகை, கடைசியில் டேடோனா, டல்லடேகா போன்ற மிகப் பெரிய தடங்கள். நீங்கள் ஓட்டிய பந்தயப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், எனவே தேதி, தடம், தொடங்கிய இடம், முடித்த இடம், முடித்த சுற்றுகள் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்தே ஒரே தாளில் வைத்திருங்கள். மோதலில் பாதியில் நின்றவை நிறைய இருந்தால் இரண்டு வெற்றி அதை மறைக்காது.

இந்தப் படியில் புதிதாக வருபவை இரண்டு. ஒன்று காற்று. 1.5 மைல் தடத்தில் முன்னே போகும் காருக்கு நேர் பின்னால் போனால் உங்கள் காரின் மூக்கின் மேல் காற்று அழுத்தம் குறைந்து கார் டைட்டாகும். லேட் மாடலில் பழகியபடி ஒட்டிக்கொண்டே போனால் சுவரை நோக்கி வழுக்குவீர்கள். ஒரு பாதை தள்ளி ஓட்டி மூக்குக்குக் காற்று கொடுங்கள். இரண்டாவது பிட் சாலை. இந்தக் கார்களில் வேகமானி கிடையாது. குறிப்பிட்ட கியரில் எத்தனை ஆர்பிஎம் என்பதை வைத்துத்தான் வேகம் பார்ப்பார்கள். பிட் சாலையைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சராசரி வேகத்தைக் கணக்கிடுவதால், ஒரு துண்டில் மீறி அடுத்ததில் மெதுவாகப் போய்ச் சரிக்கட்ட முடியாது. கொட்டகைக்குப் பின்னால் கூம்புகள் வைத்து, உள்ளே வருவதையும் கட்டத்துக்குள் நிற்பதையும் ஒரு மாலைக்கு முப்பது முறை செய்து பார்ப்பதற்கு எரிபொருள் செலவு மட்டும்தான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோயி லொகானோவே சான்று. 2009 ஜூனில் 19 வயதில் கப் பந்தயம் வென்று இளையவர் என்ற சாதனை படைத்தார். மழையால் முழுத் தூரம் ஓடாமல் முடிந்த பந்தயம் அது. அடுத்த வெற்றி 2012 ஜூனில்தான், அந்த ஆண்டு முடிவில் அணியும் மாறினார். பிறகு மூன்று முறை சாம்பியன் ஆனார், அது அவருடைய திறமை. மறுபக்கம் ஜோஷ் பெரி: லேட் மாடலில் பல ஆண்டுகள், 2020-இல் தேசிய வாராந்திரப் பட்டம், முழுநேரக் கப் இடம் 2024-இல், முதல் வெற்றி 2025-இல் லாஸ் வேகஸில். முப்பதைத் தாண்டியும் கதவு திறக்கும், ஆனால் அதை எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது.

பணமும் தாளும்

நல்ல டிரக் அணியில் ஒரே ஒரு பந்தயத்துக்கு இருக்கை வாங்க லட்சம் டாலரைத் தாண்டும். அதைக் குடும்பம் கொடுக்கலாம், விளம்பரதாரர் கொடுக்கலாம், அல்லது கார் தயாரிப்பாளரின் வளர்ச்சித் திட்டமோ நாஸ்காரின் வளர்ச்சித் திட்டமோ கைகொடுக்கலாம். கப் ஓட்டுநர்களான டேனியல் சுவாரெஸ், பப்பா வாலஸ் போன்றவர்கள், சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் வாய்ப்புத் தர நாஸ்கார் தொடங்கிய பன்முகத் திட்டத்தின் வழியே வந்தவர்கள். விளம்பரதாரரிடம் ‘என் மகனுக்கு உதவுங்கள்’ என்று போகாதீர்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் எத்தனை பேரை எந்தப் பந்தயத்துக்கு அழைத்து வரலாம், பிட்டில் எங்கே நிற்க வைப்பீர்கள், பானட்டில் எவ்வளவு இடம் என்று சொல்லுங்கள். பந்தயம் முடிந்த இரண்டு நாளுக்குள் படங்களோடு ஒரு பக்க அறிக்கை போக வேண்டும், கடைசியாக வந்திருந்தாலும்.

இருக்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன் பாருங்கள்: மோதினால் சேதத்துக்கு யார் பொறுப்பு, அதற்கு உச்சவரம்பு உண்டா, எஞ்சின் வெடித்தால் யார் கணக்கு, டயர் செட் எத்தனை அடக்கம், மழையில் பந்தயம் தள்ளிப்போனால் கூடுதல் நாள் யார் செலவு, பணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், தகுதிச் சுற்றில் கார் தேறாவிட்டால் எவ்வளவு திரும்பும். பயிற்சியிலேயே கார் சுவரில் மோதினால் என்ன என்று தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான தகராறு அந்த வரி இல்லாததால் வருவதுதான்.